நூற்றெண்பது வாட்

கம்ப்யூட்டர் வாங்குகிற யாரும் அதன் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்ப்பதில்லை, சார். நானும் பார்க்கவில்லை. மூன்று வருடம் முன்பு, எல்லாம் பூட்டித் தயாராக வருகிற ஒரு கம்பெனி டெஸ்க்டாப்பை ஆன்லைனில் வாங்கினேன். ஒல்லியான கறுப்புப் பெட்டி. பார்க்க லட்சணமாக இருந்தது. உள்ளே வைத்திருந்தது நூற்றெண்பது வாட். நீங்கள் கேட்டதற்கு அங்கிருந்து ஆரம்பித்தால்தான் பதில் சரியாக வரும். ஸ்டேஷன் ரைட்டர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

பெயர் ரவிச்சந்திரன். வயது நாற்பத்து மூன்று. ஒரு அலுவலகத்தில் கிளார்க். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. இங்கே ஜங்லிகாட் பகுதியில் மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி புரோத்ராபூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், அது வேறு விஷயம். கீழ்வீட்டில் நூருல்லா பாய். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவர் மனைவிதான் ஜஸீலா. முப்பத்தாறு வயது. இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். நல்ல பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நான் விமானம் ஓட்டுவேன். கம்ப்யூட்டரில்தான். விளையாட்டு என்பார்கள், அது விளையாட்டில்லை. விமானியின் முன்னால் இருக்கிற அத்தனை பொத்தானும் அதில் இருக்கும், வெளியே மழை பெய்தால் அதிலும் பெய்யும். எனக்கு இஷ்டமானது நம் ஊர் ஓடுபாதை. கடல் பக்கமிருந்து தாழ்ந்து வந்து இறங்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் படம் திக்கும். நொடிக்கு எட்டுப் படம், ஒன்பது படம். ஓடுபாதை தூரத்தில் தெரியும். அடுத்த முறை படம் நகரும்போது விமானம் மூக்குக் குத்தித் தரையில் கிடக்கும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காக இறங்கியதில்லை. ஆபீஸில்தான் ஒன்றும் நம் கையில் இல்லை, வீட்டிலுமா என்று பற்றிக்கொண்டு வரும்.

கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும் என்றார்கள். எந்தக் கார்டு என்று நாலு மாதம் பார்த்தேன். நல்ல கார்டுகள் எல்லாம் இரண்டு விசிறி வைத்து, செங்கல் தடிமனுக்கு இருக்கும். என் பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தாலும் அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்க என் பவர் சப்ளையில் வயர் கிடையாது. சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால் அந்தக் கம்பெனிக்காரன் தன் பிளக்கை உலகத்தில் வேறு எதோடும் சேராத மாதிரி செய்து வைத்திருக்கிறான். அதற்கு ஒரு மாற்று வயர். பெரிய பவர் சப்ளை வைக்க இடமில்லை, ஆகவே ஒரு புதுக் கேபினட். ஒரு சாமான் வாங்கப் போய் நாலு சாமான். இங்கே கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூடிவிட்டார். ஆன்லைனில் நம் பின்கோடை அடித்தால், இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது என்று சிவப்பெழுத்தில் வரும். ஆபீஸில் பழனிசாமி மெயின்லேண்ட் போனபோது காகிதத்தில் பெயர், நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். மனுஷன் ஒரு சவுண்ட் கார்டை வாங்கிக்கொண்டு வந்து, கார்டுதானே கேட்டீர்கள் என்றார். தலையை எங்கே கொண்டு முட்டிக்கொள்வது?

ஆகவே மார்ச் மாதம் லீவு போட்டு நானே சென்னை போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தீவில் ஒருவன் மெயின்லேண்ட் போகிறான் என்றால் தெருவே அவனிடம் ஏதாவது சொல்லிவிடும். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்குத் தையல் மெஷின் உதிரி, ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை. முடியாது என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நாளைக்கு அவன் நம்மிடம் வந்து நிற்பான், நாம் அவனிடம் போய் நிற்போம். நான் யாரிடமும் போய் நிற்காதவன். பழனிசாமி விஷயம் ஒன்றுதான், அதன் லட்சணத்தைச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் நூருல்லா பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. புறப்படுவதற்கு முதல் நாள் மேலே வந்து நின்றார்.

அவர் கேட்டது ஊசி. ஜஸீலாவுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றையே கொடுப்பதாக இருந்தார் பாய். சென்னையில் ஆபரேஷனுக்கு மே மாதம் தேதியும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அவள் உடம்பில் ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், ஆறுதான் இருந்தது. பத்துக்கு மேல் வந்தால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் ஏற்றினால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடலாம் என்று அதற்கும் தடை. ரத்தம் ஊறுவதற்கு ஒரு ஊசி உண்டு, ஆறு ஊசி, இங்கே கடைகளில் அப்போது இருப்பு இல்லை. சென்னையில் ஒரு மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், ஐஸ் வைத்துப் பெட்டியாகக் கட்டித் தருவார்கள், விமானத்தில் இரண்டு மணி நேரம்தானே, கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள் என்றார். குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும், வெக்கை பட்டால் ஊசி வெறும் தண்ணீர்தான் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவை சொன்னாலே புரியும்.

சென்னைக் கடையில் இருந்த ஆள் என் கம்ப்யூட்டரின் விவரத்தைக் கேட்டுவிட்டு ஒரு சின்னக் கார்டை எடுத்து வைத்தான். உள்ளங்கை அகலம். வேறு எதையும் மாற்ற வேண்டாம் சார், உங்கள் நூற்றெண்பது வாட்டிலேயே ஓடும், இது போதும் என்றான். போதும் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. பத்தொன்பது வருடமாக எல்லோரும் எனக்கு இது போதும் என்றுதான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியதையே வாங்கினேன். கூடவே கேபினட், பவர் சப்ளை, மாற்று வயர். அதையெல்லாம் எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. லக்கேஜில் போட்டால் தூக்கி எறிவார்கள், கையில் கொண்டுபோக அளவு மீறும். அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கப்பலில் எடுத்தேன். சின்னக் கார்டு வாங்கியிருந்தால் விமானத்தில் வந்திருப்பேன். இதை நான் மறைக்கவில்லை.

பாய்க்குப் போன் செய்து, மூன்று நாள் ஆகும் என்றேன். எந்தக் கப்பல் என்று கேட்டார். பிறகு, பரவாயில்லை, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். அந்தக் கப்பலில் சமையற்கட்டில் வேலை செய்கிற அப்துல் ஹாதி என்கிற பாம்பூஃப்ளாட் ஊர்க்காரர் அவருக்குப் பழக்கமாம். காலையும் மாலையும் ஐஸ் தருவார், மாற்றி மாற்றி வைத்தால் போதும் என்றார். அப்துல் ஹாதி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மருந்துக் கடையில் தெர்மகோல் பெட்டியாகக் கொடுத்தார்கள். நடுவில் ஊசி அட்டை, சுற்றிலும் ஐஸ் பைகள், வெளியே 'மருந்து, அவசரம்' என்று சிவப்பு மையில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. துறைமுகத்தில் சரியான கூட்டம். வரிசையில் பின்னால் நின்றவன் இடித்ததில் என் சாமான் பை கீழே விழுந்து, உள்ளே ஏதோ கடகடவென்றது. எனக்கு உயிரே போய்விட்டது. கார்டு அதற்குள்தான் இருந்தது. ஆனால் இடது கையில் இருந்த தெர்மகோல் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. சோதனை செய்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, "தவாயி ஹை, ராஸ்தா தோ" என்று கூட்டத்தை விலக்கி என்னை முன்னால் அனுப்பினார். சுமை தூக்குகிறவர்கள்கூட ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெட்டிக்கு அவ்வளவு மரியாதையை நான் பார்த்ததில்லை.

கப்பலின் அடித்தட்டில் எனக்குப் படுக்கை. மேலே குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்துக் குடும்பம் என் பையின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டது. எழுந்திருங்கள் என்றால் எழுந்திருப்பார்கள், பத்து நிமிடத்தில் மறுபடி உட்காருவார்கள். மூன்று நாள் இப்படி என்றால் கார்டு வீடு வந்து சேராது. அப்போதுதான் தெர்மகோல் பெட்டியின் நீளத்தைக் கையால் அளந்தேன். கார்டு கச்சிதமாக உட்காரும் அளவு. ஐஸ் பைகளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் கார்டு போய்விடும்.

எடுத்தேன். உள்ளே துண்டால் நன்றாகத் துடைத்து, கார்டை அதன் உறையோடு வைத்து, மூடியை ஒட்டினேன். ஊசி அட்டையை ஒரு பனியனில் சுற்றிச் சாமான் பையின் பக்க அறையில் வைத்தேன். என்னிடம் ஒரு ஃப்ளாஸ்க் இருந்ததே, ஊசியை அதில் ஐஸோடு போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அதில் எனக்கு வெந்நீர் இருந்தது. கப்பல் தண்ணீர் எனக்குத் தொண்டையில் பிடித்துக்கொள்ளும்.

காலையும் மாலையும் அப்துல் ஹாதி பாத்திரத்தில் ஐஸ் வைத்திருப்பார். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார், அதனால் ஆறு வேளையும் போய் வாங்கினேன். கொஞ்சத்தை எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் குடித்தேன், மிச்சத்தைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். இரண்டாம் நாள் அவரே கீழே இறங்கி வந்தார். நானே வச்சுக் கட்டித் தர்றேன், உங்களுக்கு ஏன் சிரமம் என்று மூடியில் கை வைத்தார். திறக்கத் திறக்கக் குளிர்ச்சி போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன். அந்தப் பெட்டியை மூன்று நாளும் மடியில் வைத்திருந்தேன், தூங்கும்போதும் கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். அடித்தட்டில் இஞ்சின் வெக்கை. ஒருநாள் பையைத் திறந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தேன், என் பனியன் மாதிரியே சூடாக இருந்தது. மறுபடி சுற்றி வைத்துவிட்டேன்.

இங்கே ஹாடோ துறையில் கப்பல் வந்து நிற்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கார்டை எடுத்துச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். ஊசியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து, அப்துல் ஹாதியிடம் கடைசியாக நிறைய ஐஸ் கேட்டு வாங்கிச் சுற்றிலும் அடுக்கினேன். கீழே பாய் காத்திருந்தார். டாக்ஸியில் ஜஸீலாவும் வந்திருந்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லையாம். பெட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு ஜில்லுனு இருக்கு என்று சிரித்தாள். முகம் வெளுத்துப்போய், சிரித்தாலே மூச்சு வாங்கியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கீழேயிருந்து வந்தது.

கார்டைப் பூட்ட நாலு நாள் ஆனது. முதலில் திரையே வரவில்லை. மாற்று வயரைத் திருப்பிப் போட்டு, கம்பெனி மென்பொருளைப் புதுப்பித்து, கரண்ட் போய், மறுபடி ஆரம்பித்து, பைத்தியம் பிடிக்காத குறை. ஐந்தாம் நாள் வந்தது. நொடிக்கு அறுபது படம். கடலில் ஒவ்வொரு அலையும் தனித்தனியாகத் தெரிந்தது, சார். கீழே முதல் ஊசி போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருக்க வேண்டியது ஐந்துக்கு இறங்கியிருந்தது. அதற்குள் நாலு ஊசி போட்டாகிவிட்டது. நான் இதைக் கேள்விப்படுவதற்கு முன்பே எதிர்பார்த்திருந்தேன். சாயந்திரம் ஏழு மணி சுமாருக்குப் பாய் மேலே வந்து வாசற்படியிலேயே நின்றார். நான் விமானத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை.

"ரவி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. கப்பல்ல எப்பயாச்சும் ஐஸ் உருகிப்போச்சா? உருகியிருந்தா சொல்லிடுங்க. அல்லா மேல ஆணையா உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் வராது. வியாழக்கிழமை ஃப்ளைட்ல நம்மாளு ஒருத்தர் வர்றாரு, புதுசா வாங்கியாரச் சொல்லிடுவேன். டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இல்ல பாய். கடைசி வரைக்கும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு."

அவர் போகவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். வெக்கையில் எங்கேயாவது கொஞ்ச நேரம் வைத்திருந்தீர்களா என்று மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போது கீழேயிருந்து ஜஸீலாவின் குரல் வந்தது. படியேற முடியாது அவளால், அடிப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அண்ணன் மூணு நாளு மடியில வச்சுக் கொண்டாந்துருக்காரு. அவரப் போயி கேக்குறீங்களே. இறங்கி வாங்க."

பாய் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். வெக்கை பட்ட ஊசி என்று தெரிந்தால் புது ஊசி வரும். தெரியாவிட்டால், அவள் உடம்புதான் ஏற்கவில்லை என்று டாக்டர் முடிவு செய்வார். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆமாம் என்றால் ஜஸீலா பிழைப்பாள், இல்லை என்றால் அநேகமாக மாட்டாள். வாசலில் அவர் நின்ற அந்த நேரத்திலேயே எனக்கு இது தெளிவாகத் தெரியும். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஆமாம் என்று சொன்னால் அதோடு நிற்குமா? எப்படி உருகியது, ஏன் உருகியது, அப்துல் ஹாதி கொடுத்த ஐஸ் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். தெரு முழுக்கப் பேசும். ஒரு கார்டுக்காகவா என்பார்கள். நாலு மாதம் நான் பட்ட பாடு அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா?

டாக்டர் முடிவு செய்தது நான் நினைத்தபடிதான். மிச்சம் இருந்த இரண்டு ஊசியையும் சேர்த்துப் போட்டார்கள். பாய் வந்து கேட்டதிலிருந்து பதினோராம் நாள், டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாய் சென்னை மருந்துக் கடை மேல் புகார் கொடுத்தார். பெட்டி கட்டிக் கொடுத்தவனை அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். பெட்டி வழி முழுக்கக் குளிராக இருந்தது என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்; மூடியைத் திறக்கவே விடவில்லை என்று அப்துல் ஹாதி உங்கள் விசாரணையில் சொன்ன பிறகு அது செல்லாது என்று எனக்கும் தெரிகிறது. அந்த மருந்துக் கடை ஆளை விட்டுவிடச் சொல்லுங்கள். பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனைப் பிடியுங்கள். ஐநூறு வாட் வைத்திருந்தால் ஒரு கார்டோடு முடிந்திருக்கும், நான் விமானத்தில் வந்திருப்பேன்.

ஜஸீலாவை அடக்கம் செய்த அன்றைக்கு வாடகை நாற்காலி எடுத்து வந்து போட்டதும், வாசலில் தார்ப்பாய் கட்டியதும் நான்தான். பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்களுக்குச் செஞ்சத நான் மௌத்தாகுற வரைக்கும் மறக்கமாட்டேன், ரவி" என்று அழுதார். வெகுநேரம் விடவே இல்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருக்கலாம். ஆனால் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனுஷனிடம் அப்படி ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை, சார்.